வலது கை முழம்

பாலையாக்குடிப் பண்ணையாள் கண்ணுசாமிக்கு, ஆட்சி மாறிய அறுபத்தேழாம் வருஷம், வலது முன்கை இடது முன்கையைவிட ஒரு சாண் நீளமாகிவிட்டது. ரூபாய்க்கு ஒரு படி அரிசி வருமா வராதா என்று குடவாசல் கடைத்தெருவே பேசிக்கொண்டிருந்த சமயம், ஆகையால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு விரற்கடை வித்தியாசம் எல்லா மனிதருக்கும் உண்டு. எந்தக் கையால் பாடுபடுகிறோமோ அந்தக் கையின் எலும்பு சற்று நீண்டும் தடித்தும் போகும். சட்டை தைப்பவனைக் கேட்டால் சொல்வான். பாலையாக்குடித் தெற்குத் தெருவில் அப்போது சட்டை தைத்துப் போட்டுக்கொள்பவர் யாருமில்லை. அவர்களுக்குக் கை நீளம் வேறு விதமாகத் தெரியவந்தது.

அந்த ஊரில் மிராசுதார் வைத்தியலிங்கத்தின் பாட்டன் காலத்திலிருந்து ஓர் அளவுமுறை இருந்தது. பண்ணையாள் குடிசை போட்டுக்கொள்ள விடும் மனை, அவனவன் கையால் பன்னிரண்டு முழம் நீளம், பன்னிரண்டு முழம் அகலம். முழங்கை முட்டியிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் ஒரு முழம். கொடுக்கிற இந்த முழத்தை இடது கையில் எடுப்பார்கள். வாங்குகிற வேலைக்கு வலது கை. மண்வெட்டியோடு வரப்பில் இறங்கினவன், புல் செதுக்கி, அண்டை வெட்டி, சேறு பூசி, பொழுது சாய்வதற்குள் தன் வலது கையால் இருநூறு முழம் வரப்பை முடித்துக் கொடுத்தாக வேண்டும். வருஷா வருஷம் சம்பா அறுப்பு ஓய்ந்ததும் ஒவ்வொருவனும் மிராசுதாரின் மாட்டுக் கொட்டகைத் தூணில் இரண்டு முன்கையையும் வைத்துக் காட்டுவான். காரியஸ்தர் தியாகராசன் கரித்துண்டால் கோடு கிழித்து இரண்டு மூங்கில் கோல் நறுக்குவார், ஒன்று வீட்டுக்கு, ஒன்று வேலைக்கு. ஒரு விரற்கடைதானே என்று யாரும் வாய் திறக்கவில்லை. இருநூறு விரற்கடை சேர்ந்தால் எவ்வளவு என்று இடுப்பு மட்டும் கணக்கு வைத்திருந்தது.

கண்ணுசாமி செய்த தவறு, கல்யாணமான புதிதில் இருநூறு முழத்தையும் உச்சிக்கு முன்பே முடித்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்ததுதான். புதுப்பெண்டாட்டிக்காரன் என்று தெருவே கேலி செய்தது; அவனும் இளித்துக்கொண்டே வந்தான். அந்த வேகத்தில் கை நீண்டது. கை நீண்டதால் அடுத்த வருஷம் முழம் நீண்டது, முழம் நீண்டதால் வரப்பு நீண்டது, நீண்ட வரப்பை வெட்டி வெட்டிக் கை மேலும் நீண்டது. இதில் எங்கே நிற்பது என்று காரியஸ்தருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள அவருக்கு அவசியமும் இல்லை. பாலையாக்குடியில் அந்த வருஷங்களில் வரப்புகள் மாதிரி வரப்புகள் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே கிடையாது என்று வைத்தியலிங்கம் தன் சம்பந்தி வீட்டில் பெருமையடித்துக்கொண்டார்.

அவன் மனைவி ராசம்மாள் முத்துப்பேட்டைப் பக்கத்துப் பெண். அவள் ஊரில் மனிதரை மனிதரின் கையால் அளக்கும் பழக்கம் இல்லை, அதனால் தெருவில் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் ஆரம்பத்திலிருந்தே பயம் பிடித்துக்கொண்டது. புருஷன் சோற்றில் கை வைக்கும்போது முழங்கை பின்சுவரில் இடித்ததை ஒரு நாள் அவள் பார்த்தாள். வலது கையைத் தடுக்க முடியாது, அது வேலைக்குப் போகிற கை. இடது கையையாவது காப்பாற்றுவோம் என்று நினைத்தாள். இடது கையால் எதையும் தூக்க விடவில்லை, குடத்தைத் தொட விடவில்லை, எண்ணெய் தேய்த்து நோகாமல் துணியில் ஏந்திக் கட்டிவைத்தாள். அந்தக் கை சும்மா இருந்து சும்மா இருந்தே குன்றிப்போனது. தான் பாதுகாத்ததால்தான் அது சுருங்கியது என்று அவளுக்குப் புரிவதற்குள் மூன்று அளவு முடிந்துவிட்டது. அந்தக் குற்ற உணர்ச்சியை அவள் யாரிடமும் சொல்லாமல் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு புழுங்கினாள்.

இடது கை சுருங்கினால் வீடும் சுருங்கும். சுவரை இடிக்க யாரும் வருவதில்லை. தூணில் கோடு கிழித்த மறுநாள் விடிந்து பார்த்தால் நான்கு மண்சுவரும் தாமாகவே உள்ளே நகர்ந்திருக்கும், அடுப்பு அரைச் சாண் நடுவீட்டுக்கு வந்திருக்கும். முதல் வருஷம் உரலை வெளியே வைத்தார்கள். அடுத்த வருஷம் காலை நீட்டிப் படுக்க முடியவில்லை. ராசம்மாளுக்கு இரண்டு கரு தங்காமல் போனது. மருத்துவச்சி காத்தாயி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உடம்பில் கோளாறு இல்லை, வீட்டில் இடம் இல்லாததைப் பிள்ளை தெரிந்துகொள்கிறது என்றாள். கும்பகோணத்தில் ஒரு டாக்டர் கண்ணுசாமியின் கையை மூன்று துண்டு எக்ஸ்ரே படமாக எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தார். நல்ல எலும்பு, ஒரு குறையும் இல்லை, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு மட்டும் குறைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினார்.

அறுபத்தெட்டாம் வருஷம் மார்கழியில் கிழக்கே ஓர் ஊரிலிருந்து செய்தி வந்தது. கூலி கேட்ட தெருவில், பயந்து ஒரே குடிசைக்குள் ஒடுங்கியவர்களை உள்ளே வைத்தே கொளுத்திவிட்டார்கள் என்று. பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். பாலையாக்குடித் தெற்குத் தெருவில் அன்று ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. நெருப்பைப் பார்க்கவே எல்லோருக்கும் பயமாக இருந்தது. ராசம்மாள் தன் வீட்டு வாசலைப் பார்த்தாள். அதற்குள் அது ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பி நுழையும் அளவுக்கு வந்திருந்தது. ஓடவேண்டி வந்தால் இதில் எப்படி வெளியே வருவது என்று நினைத்தாள். அன்றிலிருந்து அவள் வாசற்படியில் தலை வைத்துத்தான் படுத்தாள்.

கை வீட்டுக்குள் அடங்காமல் போனதும் மேற்குச் சுவரில் ஓர் ஓட்டை போட்டார்கள். கண்ணுசாமி உள்ளே உட்கார்ந்திருப்பான், முட்டிக்கு மேலே உள்ள கை அவனோடு இருக்கும், முன்கை ஓட்டை வழியாக வெளியே போய் அடுத்த வீட்டு மாட்டுத் தொட்டி வரை கிடக்கும். அவ்வளவு தூரத்தில் கிடக்கும் உள்ளங்கையை நாய் மோந்து பார்க்குமோ, யாராவது மிதித்துவிடுவார்களோ, வேண்டாதவன் எவனாவது அரிவாளால் ஒரு போடு போட்டுவிடுவானோ என்று ராசம்மாள் நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து போய்ப் பார்ப்பாள். மழைக்குச் சாக்குப் போட்டு மூடுவாள். வேலைக்குப் போகும்போது கண்ணுசாமி அந்தக் கையை நீட்டியபடியே, காவடி மூங்கிலைக் கொண்டுபோகிறவன் போல, தெருவின் நடுவில் நடப்பான். எதிரே வருகிறவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். அதுவும் பழகிவிட்டது.

எழுபதாம் வருஷம் குறுவை அறுப்புக்கு வேலைநிறுத்தம் வந்தது. கூலி நெல்லில் அரைப்படி கூட்டித் தரும் வரை யாரும் வயலில் இறங்குவதில்லை என்று சங்கத்து இராஜாங்கம் வீடு வீடாகப் போய்ச் சத்தியம் வாங்கினார். கண்ணுசாமியும் சத்தியம் செய்தான். இடது கை எட்டாததால் வலது கையை அறுபதடி தூரத்தில் இருந்த கொடிக்கம்பத்தின் மேல் வைத்துச் செய்தான். அவன் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தான், அதற்குத் தெருவே சாட்சி. ஆனால் மறுநாள் காலையில் மிராசுதாரின் வயலில் ஒரு மா நிலத்துக் கதிர் அறுத்துக் கட்டுக் கட்டாகக் கிடந்தது. அதற்கு மறுநாள் இன்னொரு மா. எலும்பு எப்படி வாய்க்காலிலும் வரப்பிலும் வளைந்து போயிருக்கும் என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. வளையவில்லை. சுவரில் போட்ட ஓட்டை வயலைப் பார்த்து இருந்தது, கை நேராகப் போனது.

இராஜாங்கம் நான்கைந்து பேரோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே நுழைய இடமில்லை.

"ஏண்டா கண்ணுசாமி, சத்தியம் பண்ணிட்டு இப்பிடிப் பண்ணலாமா?"

"நான் எந்திரிக்கவே இல்லண்ணே. நம்புங்க. அது சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

"ஒன் கைதானடா?"

"எங்கண்ணே எங்கை? அளந்து அளந்து அவங்க கையாயிட்டுதே" என்று சொல்லிக் கண்ணுசாமி அழுதான். கண்ணைத் துடைக்க இரண்டு கையாலும் முடியவில்லை. ஒன்று எட்டவில்லை, மற்றது வயலில் இருந்தது. ராசம்மாள்தான் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

கூட வந்தவர்களில் ஒருவன், கருங்காலிக் கையை வெட்டிப் போட்டால் தீர்ந்தது என்றான். இராஜாங்கம் அவனை அதட்டினார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. ராசம்மாள் கவனித்துவிட்டாள். ஒரு பக்கம் மிராசு, ஒரு பக்கம் சொந்தத் தெரு. நடுவில் தன் புருஷனின் எலும்பு கிடக்கிறது என்று அவளுக்குப் பட்டது. அவள் யாரையும் கேட்காமல் கையைத் தொட்டுக்கொண்டே வாய்க்காலைத் தாண்டி, வரப்பேறி, வயல் வரைக்கும் போனாள். உள்ளங்கை சேறும் கதிருமாகக் கருக்கரிவாளைப் பிடித்துக்கொண்டு தன்பாட்டுக்கு அறுத்துக்கொண்டிருந்தது. அதற்குக் கண்ணும் இல்லை காதும் இல்லை, தன்னைத் தெரியுமா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. கல்யாணத்தன்று தன் கையைப் பிடித்த அதே கை. பயத்தோடுதான் அதன் மணிக்கட்டைப் பிடித்தாள். அரிவாள் நின்றது. விரல்கள் அவள் வளையலைத் தடவிப் பார்த்தன. வேலைநிறுத்தம் முடியும் வரை பகல் முழுக்க அவள் அந்த வயல் வரப்பிலேயே கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், விட்டால் அது அறுக்கப் போய்விடும். கூலி கால்படி கூடியது. தெருவில் கோபம் தணிந்தது, கையை வெட்டச் சொன்னவன் ஒரு சுரைக்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான்.

அடுத்த வருஷம் குடியிருப்புச் சட்டம் வந்தது. பண்ணையாள் குடியிருக்கும் மனை அவனுக்கே சொந்தம், அதிகாரி வந்து அளந்து பட்டா கொடுப்பார் என்றார்கள். தெற்குத் தெரு இதை நம்பவில்லை, காரியஸ்தர் தியாகராசன் நம்பினார். அதிகாரி வருவதற்குள் மனைகள் எவ்வளவு சின்னதாக முடியுமோ அவ்வளவு சின்னதாகட்டும் என்று அந்த வருஷம் அறுப்புக்கு முன்பும் ஓர் அளவு, பின்பும் ஓர் அளவு வைத்தார். எல்லோர் வீடும் குறுகியது. கண்ணுசாமிக்குத் தனிக் கவனம். இடது கையால் வெற்றிலை மடித்தால்கூட அது பண்ணைக்கு அவமரியாதை என்று தடுத்தார். தை பிறந்தபோது அவனுடைய இடது உள்ளங்கை நேரே முழங்கையில் ஒட்டிக்கொண்டு, பச்சைக் குழந்தையின் கை போல, விரல்களை மட்டும் மூடித் திறந்துகொண்டிருந்தது. வீட்டில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்காரலாம். மற்றவர் நிற்க வேண்டும். ராசம்மாளுக்கு அப்போது நிறைமாதம். இந்தப் பிள்ளை மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. எங்கே படுத்துப் பெறுவது என்று அவள் நினைக்காத நேரமில்லை. திறந்த வெளியில் பெற்றால் ஆகாது, வேறு வீட்டில் பெறலாம் என்றால் எந்த வீட்டிலும் இடமில்லை. அதைவிட வேறொரு பயம் இருந்தது, அதை அவள் வாய்விட்டுச் சொல்லவே இல்லை.

அதிகாரி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். தென்னாற்காட்டுக்காரர், சின்ன வயசு, சங்கிலி பிடிக்க இரண்டு ஆட்கள். மற்ற வீடுகளை அளந்துவிட்டுக் கண்ணுசாமி வீட்டு வாசலில் வந்து நின்று, கோழிக்கூடு எதற்குக் காட்டுகிறீர்கள், வீட்டைக் காட்டுங்கள் என்றார்.

"இதாங்க வீடு" என்றார் தியாகராசன். "இங்க வழக்கம் அவன் கையால பன்னெண்டு முழம். அதுக்கு மேல ஒரு அடிகூட அனுபோகம் கெடையாது. எங்க பெரியவங்க காலத்துலேருந்து இதான் முறை. வேணும்னா தெருவையே கேட்டுப் பாருங்க."

தெரு ஆமாம் என்றது. அது உண்மைதான்.

"அப்ப வழக்கப்படியே அளந்துடுவோம். கையை நீட்டுய்யா."

கண்ணுசாமி இடது கையை நீட்டினான். அதிகாரி குனிந்து பார்த்தார். முட்டியிலிருந்து விரல்நுனி வரை அளக்க அங்கே எலும்பே இல்லை. சங்கிலிக்காரன் அளவு நாடாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். தியாகராசன் முகத்தில் சிரிப்பு வந்தது. ஒன்றுமில்லாததைப் பன்னிரண்டு தரம் வைத்தாலும் ஒன்றுமில்லை என்று சாவகாசமாகச் சொன்னார்.

ராசம்மாளுக்குக் காலையிலிருந்தே இடுப்பில் பொய்வலி கண்டிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள், வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அதிகாரியைப் பார்த்துப் பேசினாள். 

"ஐயா, அளக்கறதுக்கு இவருகிட்ட இருக்கறது ஒரு கைதானுங்களே. அதால அளங்க."

"அது வேலைக்கு அளக்குற கை!" என்றார் தியாகராசன். "அது பண்ணை கை."

"பண்ணை கைன்னா கழட்டி எடுத்துக்கிட்டுப் போங்க. நான் தடுக்கல. எடுத்துக்கிட்டுப் போங்கய்யா!"

அவள் கத்தின கத்தலில் காக்கை பறந்தது. தியாகராசன் ஒன்றும் எடுத்துக்கொண்டு போகவில்லை.  அதிகாரி, வழக்கம் கை என்றால் அந்த ஆளிடம் இருக்கிற கைதான் கை என்று சொல்லி, சங்கிலியை வலது முட்டியில் வைக்கச் சொன்னார். சங்கிலிக்காரர்கள் எலும்பை ஒட்டியே நடந்து தெருவைத் தாண்டினார்கள், நாற்றங்காலைத் தாண்டினார்கள், நடுவிரல் நுனியில் முதல் முளை அடித்தார்கள். அது ஒரு முழம். பிறகு அதே நீளத்தைப் பன்னிரண்டு தரம் வைத்து நீளமும், பன்னிரண்டு தரம் வைத்து அகலமும் அளந்து முடிக்க மூன்று நாள் ஆயிற்று. களத்தில் ஒரு முளை விழுந்தது, மாட்டுக் கொட்டகையில் ஒன்று. மிராசுதார் வைத்தியலிங்கம் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூடத்தில் ஒரு முளை அடித்தார்கள். அவர் ரசத்துக்குச் சோறு பிசைந்தபடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசி முளை அடித்த அன்றே தியாகராசன் தஞ்சாவூருக்கு வண்டி பிடித்துத் தடை உத்தரவுக்கு மனு போட்டார். உத்தரவும் கிடைத்தது. ஆனால் பாலையாக்குடிச் சுவர்களுக்குக் கோர்ட்டு பாஷை தெரியாது, அவற்றுக்கு முழம்தான் தெரியும். மறுநாள் விடியும்போது கண்ணுசாமி வீட்டின் நான்கு மண்சுவரும் நான்கு பக்கமும் வெளியே நகர்ந்து முளைகளின் மேல் போய் நின்றுவிட்டன. மேலே கீற்று எப்படி எட்டியது என்பது தெரியவில்லை, எட்டியது. தெற்குத் தெரு முழுவதும், நாற்றங்காலும் களமும், மிராசுதார் வீட்டுப் பாதிக் கூடமும் அந்தக் கூரையின் கீழ் வந்துவிட்டன. வழக்கு பல வருஷம் நடந்தது. வைத்தியலிங்கம் மீதிப் பாதிக் கூடத்திலேயே இருந்து கடைசியில் காலமானார், தியாகராசன் மயிலாடுதுறையில் பெண் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். கண்ணுசாமியின் கை அதற்கு மேல் வளரவில்லை, குறையவும் இல்லை. வீட்டுக்குள்ளேயே வயல் இருந்ததால் அதற்கு ஓட்டை தேவைப்படவில்லை.

சுவர்கள் நகர்ந்த அதே விடிகாலையில் ராசம்மாளுக்குப் பிள்ளை பிறந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் தெரியாத அந்த வீட்டின் நடுவில் அவள் கால் நீட்டிப் படுத்திருந்தாள். இத்தனை இடத்தைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. சுருங்கினது விரிந்தால், விரிந்தது சுருங்காதா என்றுதான் தோன்றியது. பிள்ளை அழுதது. காத்தாயி தொப்புள்கொடி அறுத்து, துடைத்து, என்ன பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தாள். ராசம்மாள் அவளைச் சொல்ல விடவில்லை. "அது அப்புறம், கையக் காட்டு" என்றாள். வயிற்றில் பிள்ளை தங்கிய நாளிலிருந்து அவள் சொல்லாமல் வைத்திருந்த பயம் அதுதான். பிசுபிசுப்பான அந்தச் சின்னக் கைகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, முட்டியோடு முட்டி வைத்து, விரல்நுனிகள் ஒன்றுக்கொன்று தொடுகின்றனவா என்று பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். காத்தாயியையும் பார்க்கச் சொன்னாள். இரண்டும் ஒரே அளவாக இருந்தன. அதன் பிறகுதான் பெண் என்று தெரிந்துகொண்டார்கள். அந்தப் பெண்ணுக்கு அம்சவல்லி என்று பெயர் வைத்தார்கள். அவள் பேரப்பிள்ளைகள் இப்போது பெரிய ஆஸ்பத்திரிகளில் பிறக்கிறார்கள். அங்கேயும் நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டியதும், தெற்குத் தெருப் பெண்கள் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. முதலில் துணியைப் பிரித்துக் கைகள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.